யமுனைக் கரையில் நினைவுப் பூங்காக்கள்

தில்லி மாநகரில் யமுனை நதியின் மேற்குக் கரையை ஒட்டி, மகாத்மா காந்தி மார்க் எனப்படும் சுற்றுச் சாலைக்கும் நதிக்கும் இடையே, வடக்குத் தெற்காக ஒரு பசுமையான நிலப்பகுதி நீண்டு கிடக்கிறது. காந்தியடிகளின் நினைவிடமான ராஜ்காட், ஜவாஹர்லால் நேருவின் சாந்திவனம், லால் பகதூர் சாஸ்திரியின் விஜய்காட், இந்திரா காந்தியின் சக்தி ஸ்தல், ராஜீவ் காந்தியின் வீர் பூமி ஆகியவை இங்குதான் அமைந்துள்ளன. வெளிநாட்டுத் தலைவர்கள் மலர் வளையம் வைக்கும் படங்களின் வாயிலாகவே நாட்டு மக்களில் பெரும்பாலோர் இவ்விடங்களை அறிவர். ஆனால், தலைநகரின் நடுவே சுமார் 100 ஹெக்டேர் பரப்புள்ள பொது நிலம் எவ்வாறு பூங்காவாயிற்று, அதைப் பூங்காவாகவே வைத்திருப்பதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, அவ்விலை தகுந்ததுதானா என்னும் கேள்விகள் அதிகம் ஆராயப்படவில்லை. ஒரு தலைவரைப் போற்றுவதற்காகத் தொடங்கிய ஏற்பாடு நகர நில உபயோகத்தின் ஒரு பெரும் பிரச்சினையாக வளர்ந்த வரலாறு இது.

நதி விட்டுச் சென்ற நிலம்

ஷாஜஹான் 1639-ஆம் ஆண்டில் ஷாஜஹானாபாத் நகரைக் கட்டத் தொடங்கியபோது, யமுனை செங்கோட்டையின் கிழக்குச் சுவரை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தது. நகர மதிலில் நதியை நோக்கிச் சில வாயில்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ராஜ்காட் வாயில். மக்கள் நீராடவும் படகேறவும் அவ்வழியே படித்துறைக்கு இறங்கிச் சென்றனர். இன்று உலகெங்கும் காந்தியடிகளின் பெயருடன் இணைத்துப் பேசப்படும் ராஜ்காட் என்னும் பெயர், அவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அந்தத் துறைக்கு வழங்கி வந்த பெயரேயாகும்.

பிற்காலத்தில் நதி சிறிது சிறிதாகக் கிழக்கு நோக்கி விலகியது. மதிலுக்கும் நீருக்கும் இடையே வண்டல் படிந்த தாழ்நிலம் உருவாயிற்று. இத்தகைய கரை நிலத்தைத் தில்லிப் பகுதியில் 'பேலா' என்பர். மழைக் காலத்தில் நீரில் மூழ்குவதும், மற்ற மாதங்களில் காய்கறிப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் உதவுவதும் அந்நிலத்தின் இயல்பு. நிலையான கட்டடத்திற்கு உகந்தது அன்று என்பதால் அதற்குச் சந்தை விலை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. நகரம் அதைப் பெரும்பாலும் புறக்கணித்தே வந்தது. அந்தப் புறக்கணிப்பினாலேயே, 1948-ஆம் ஆண்டு ஜனவரியில், பல லட்சம் மக்கள் ஒரே இடத்தில் கூடுவதற்குத் தேவையான திறந்த வெளி நகர மதிலுக்கு அருகிலேயே கிடைத்தது.

ராஜ்காட்: எளிமைக்கு ஓர் இலக்கணம்

1948 ஜனவரி 30-ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, காந்தியடிகள் பிர்லா மாளிகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அவரது திருவுடல் புது தில்லியிலிருந்து ஊர்வலமாகக் கொணரப்பட்டு இந்தக் கரையில் தகனம் செய்யப்பட்டது. அஸ்தி நாட்டின் பல புண்ணிய நதிகளில் கரைக்கப்பட்டது. எனவே ராஜ்காட்டில் புதைக்கப்பட்டது எதுவும் இல்லை. வழக்கில் சமாதி என்று குறிப்பிடப்பட்டாலும், சிதை எரிந்த இடத்தைச் சுட்டும் ஓர் அடையாளமே அது. பின்னர் இக்கரையில் எழுந்த தகன இட நினைவிடங்களுக்கும் இது பொருந்தும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், ஓர் அடையாளத்திற்கு எவ்வளவு நிலம் தேவை என்னும் கேள்வி எழும்போது இதன் முக்கியத்துவம் புலனாகும்.

தொடக்கத்தில் அங்கிருந்தது ஓர் எளிய மேடை மட்டுமே. மக்கள் இடைவிடாது வந்தவண்ணம் இருந்தமையால், நிர்வாகத்திற்கு ஒழுங்கான ஏற்பாடு ஒன்று தேவையாயிற்று. பாராளுமன்றம் 1951-ஆம் ஆண்டில் ராஜ்காட் சமாதிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அமைக்கப்பட்ட குழுவில் அரசு அதிகாரிகளுடன் அதிகாரி அல்லாதோரும் பாராளுமன்ற உறுப்பினர்களும் இடம் பெற்றனர். சமாதியை நல்ல முறையில் பராமரிப்பதும், அங்கு நடைபெறும் நிகழ்ச்சிகளை ஒழுங்குபடுத்துவதும் குழுவின் கடமைகள். ஒரு நினைவிடத்திற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது மிகையான செயலாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆனால் நிலத்தின் நிலை, நிர்வாகப் பொறுப்பு, செலவு ஆகியவை சட்டத்தின் வரம்பிற்குள் வந்ததனால், தற்காலிக ஏற்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகும் தொல்லை அங்கு ஏற்படவில்லை.

இன்று காணப்படும் வடிவம் 1950-களில் நடைபெற்ற போட்டியின் வாயிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதை வகுத்தவர் பம்பாயைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வானு பூதா. அவர் முன் இருந்த பணி எளிதானது அன்று. தமக்குச் சிலை வைப்பதற்காகப் பெரும் பொருள் செலவிடுவதை வாழ்நாளில் ஏற்காத ஒருவருக்கு நாடு நினைவுச் சின்னம் எழுப்ப விரும்பியது. கோபுரமோ மண்டபமோ அமைத்தால் அது அவரது கொள்கைக்கே முரணாகிவிடும். வெறும் திடலாக விட்டுவிட்டால், திரளாக வரும் மக்களுக்கு அமைதி கிட்டாது. பூதா கண்ட தீர்வு மேலெழும்பும் கட்டடத்தைத் தவிர்ப்பதாக இருந்தது. சதுர வடிவ முற்றம் ஒன்றின் நடுவே தாழ்வான கறுப்புச் சலவைக்கல் மேடை. அதில் 'ஹே ராம்' என்னும் சொற்கள். அருகே கண்ணாடிக் கூண்டினுள் அணையா விளக்கு. மேலே கூரை இல்லை. முற்றத்தைச் சுற்றிலும் மண்ணைக் கரையாக உயர்த்திக் கல் சுவர் எழுப்பி, அதன் மேல் நடைபாதை அமைக்கப்பட்டது. வளைவு வாயில்கள் வழியே காலணி களைந்து உள்ளே செல்லலாம். அல்லது மேலிருந்தவாறே முற்றத்தை நோக்கி நின்றுவிட்டுத் திரும்பலாம். பெருங்கூட்டம் வரும் நாளிலும் எவரையும் நெருக்காமல் அனைவரையும் காண வைக்கும் ஏற்பாடு இது.

வெளியே பரந்த புல்வெளிகளையும் மர வரிசைகளையும் திட்டமிட்டு நட்டவர், இந்திய அரசின் தோட்டக்கலைப் பணிகளுக்குத் தலைமை வகித்த கடைசி ஆங்கிலேயரான அலிக் பெர்சி-லங்காஸ்டர். அன்னிய ஆட்சியை அகற்றியவரின் நினைவிடத்தில் மரம் நடும் பொறுப்பு, அந்த ஆட்சியின் பணித்துறையில் வளர்ந்த ஓர் ஆங்கிலேயரிடம் அமைந்ததைக் காந்தியடிகள் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே கருத வேண்டும். வருகை தரும் வெளிநாட்டுத் தலைவர்கள் மரக்கன்று நடும் வழக்கமும் விரைவில் ஏற்பட்டது. ஹோ சி மின், ஐசன்ஹோவர், இரண்டாம் எலிசபெத் அரசியார் முதலியோர் நட்ட மரங்கள் இங்கு உண்டு. பனிப்போர்க் காலத்தில் எதிரெதிர் அணிகளில் நின்ற நாடுகளின் தலைவர்கள் நட்டவை ஒரே தோட்டத்தில், ஒரே தோட்டக்காரரின் பராமரிப்பில் வளர்ந்தன.

வெள்ளிக்கிழமைதோறும் இங்குப் பிரார்த்தனை நடைபெறுகிறது. சாலைக்கு எதிர்ப்புறம் தேசிய காந்தி அருங்காட்சியகத்தின் கட்டடம் 1961-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1969-ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவை ஒட்டி 36 ஏக்கரில் காந்தி தரிசனக் கண்காட்சி வளாகம் உருவாயிற்று. நினைவிடம் ஒன்று அமைந்ததும் அதைச் சூழ்ந்து தொடர்புள்ள நிறுவனங்கள் நிலம் கோரி வளர்வதற்கு இதுவே முதல் எடுத்துக்காட்டு.

சாந்திவனம்

ஜவாஹர்லால் நேரு 1964 மே 27-ஆம் நாள் காலமானார். மறுநாள் ராஜ்காட்டிற்கு வடக்கே தகனம் நடைபெற்றது. 1954-ஆம் ஆண்டிலேயே அவர் எழுதி வைத்திருந்த உயிலில், தம் அஸ்தியில் ஒரு கைப்பிடியை அலகாபாத்தில் கங்கையில் கரைக்க வேண்டும் என்றும், எஞ்சிய பெரும் பகுதியை விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்களின் மேல் தூவ வேண்டும் என்றும், எதையும் பாதுகாத்து வைக்கலாகாது என்றும் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தார். அவ்வாறே 1964 ஜூன் மாதத்தில் செய்யப்பட்டது. தம்முடைய எச்சத்தை நாட்டு மண்ணெங்கும் பரவச் செய்ய விரும்பியவருக்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் நினைவுச் சின்னம் அமைப்பது எப்படி?

இதற்குக் கிடைத்த விடை ராஜ்காட்டைவிடவும் எளிமையானது. தகனம் நடந்த இடத்தில் மண்ணை மேடாக்கிப் புல் போர்த்தினர். சலவைக்கல் மேடையோ அணையா விளக்கோ அதன் நடுவில் வைக்கப்படவில்லை. சுற்றிலும் மரங்கள் நடப்பட்டன. பெயரும் அதற்கேற்ப சாந்திவனம் என்றாயிற்று. 'காட்' என்னும் துறைப் பெயரை விடுத்து 'வனம்' என்னும் பெயர் வந்தபோது, நினைவிடம் என்னும் கருத்தே தோட்டத்தினின்று காட்டை நோக்கி ஒரு படி நகர்ந்தது எனலாம். சுமார் 50 ஏக்கர் பரப்பில் மரங்கள் அடர்ந்து வளர்ந்தன. நவம்பர் 14-ஆம் நாளும் மே 27-ஆம் நாளும் அரசின் சார்பிலும் பொதுமக்கள் சார்பிலும் மலரஞ்சலி செலுத்தப்படுகிறது. மற்ற நாட்களில் அது நிழல் நிறைந்த பூங்காவே.

நேருவின் நினைவைப் போற்றும் பணியில் பெரும் பங்கு வேறோர் இடத்திற்குச் சென்றுவிட்டதும் இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. அவர் பிரதமராக வாழ்ந்த தீன் மூர்த்தி இல்லம் 1964-ஆம் ஆண்டிலேயே நினைவு அருங்காட்சியகமாயிற்று. அங்கே நூலகமும் ஆராய்ச்சியும் வளர்ந்தன. அவ்வளாகத்தில் 2022-ஆம் ஆண்டில் பிரதமர்கள் அனைவருக்குமான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒருவருக்கென ஒதுக்கப்பட்ட நினைவு இல்லம் காலப்போக்கில் பலருக்குப் பொதுவானதாக மாறிய இந்தப் போக்கு, யமுனைக் கரையிலும் வேறொரு வகையில் நிகழ்ந்தது.

தொடர்ந்து வந்தவை

லால் பகதூர் சாஸ்திரி 1966 ஜனவரி 11-ஆம் நாள் தாஷ்கண்டில் காலமானார். 1965-ஆம் ஆண்டுப் போரில் நாட்டை வழிநடத்தியவர் என்பதைக் குறிக்கும் வகையில் அவரது நினைவிடம் விஜய்காட் எனப் பெயர் பெற்றது. 1984-ஆம் ஆண்டு நவம்பரில் இந்திரா காந்தியின் தகனம் ராஜ்காட்டிற்கும் சாந்திவனத்திற்கும் இடைப்பட்ட நிலத்தில் நடைபெற்றது. அங்கு அமைந்த சக்தி ஸ்தலில் முந்தைய நினைவிடங்களின் தாழ்வான மரபு கைவிடப்பட்டது. செம்மையும் சாம்பலும் கலந்த நிறமுடைய ஒற்றைப் பெருங்கல் அங்கு நிமிர்ந்து நிற்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து கொணர்ந்த பாறைகள் தோட்டத்தில் ஆங்காங்கே வைக்கப்பட்டுள்ளன. புவியியல் பயிலும் மாணவர்க்கு அவை பயன் தரும். 1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியின் நினைவிடம் வீர் பூமி.

இதற்கிடையில் வேறு தலைவர்களுக்கும் இக்கரையில் இடம் ஒதுக்கும் வழக்கம் வேரூன்றியது. பாபு ஜகஜீவன் ராமுக்குச் சமதா ஸ்தல், 1987-ஆம் ஆண்டில் காலமான சௌதரி சரண் சிங்கிற்குக் கிசான் காட், 1994-ஆம் ஆண்டில் காலமான முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கிற்கு ஏக்தா ஸ்தல் என வரிசை நீண்டது. முன்னாள் குடியரசுத் தலைவர்கள் சங்கர் தயாள் சர்மா, கே. ஆர். நாராயணன், முன்னாள் பிரதமர் சந்திரசேகர் ஆகியோரின் தகனமும் இந்தக் கரையிலேயே நடைபெற்றது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆர். வெங்கட்ராமன் 2009 ஜனவரியில் காலமானபோது, அவரது தகனம் ஏக்தா ஸ்தலில் நிகழ்ந்தது. எல்லாத் தலைவர்களும் இங்கு வந்துவிடவில்லை. மொரார்ஜி தேசாயின் நினைவிடம் ஆமதாபாதில் உள்ளது. பி. வி. நரசிம்ம ராவின் தகனம் ஹைதராபாதிலும், வி. பி. சிங்கின் தகனம் அலகாபாத்திலும் நடைபெற்றன.

கணக்கில் ஏறாத செலவு

2013-ஆம் ஆண்டில் இந்தப் பிரச்சினை மத்திய அமைச்சரவையின் முன் வந்தபோது, நினைவிடங்களின் மொத்தப் பரப்பு 245 ஏக்கருக்கு மேற்பட்டிருந்தது. ஹெக்டேர் கணக்கில் இது சுமார் 99. முதல் கட்டத்தில் அமைந்த ராஜ்காட், சாந்திவனம், விஜய்காட், பின்னர் வந்த சக்தி ஸ்தல் ஆகிய நான்கும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 ஏக்கரோ அதற்கு மேலோ கொண்டவை. அடுத்து வந்தவை இதில் பாதியளவும் அதற்குக் குறைவும் ஆயின. எவரும் முன்கூட்டியே கொள்கை வகுக்கவில்லை. நிலம் குறையக் குறைய ஒதுக்கீடும் தானாகவே குறைந்தது.

பொருளாதார நோக்கில் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நினைவுப் பூங்கா ஒன்றின் செலவு என்று வரவு செலவுத் திட்டத்தில் காணப்படுவது கட்டுமானம், தோட்டப் பராமரிப்பு, நீர், காவல் ஆகியவற்றுக்கான தொகையே. நிலம் ஏற்கெனவே அரசுக்குச் சொந்தமானது. விலை கொடுத்து வாங்கப்படாததால் அது எந்தக் கணக்குத் தலைப்பிலும் ஏறுவதில்லை. உண்மையில் மிகப் பெரிய செலவு அதுவேயாகும். ஒரு நிலத்தை ஒரு பணிக்கு ஒதுக்கும்போது, மற்றப் பணிகளுக்கு அது பயன்படாமற் போகிறது. கைவிடப்படும் அந்தப் பயனையே பொருளாதார நூல்கள் வாய்ப்புச் செலவு என்று குறிப்பிடுகின்றன. துக்க நாளின் உணர்ச்சி வேகத்தில் சில மணி நேரத்திற்குள் எடுக்கப்படும் முடிவுகளில் இந்தச் செலவு எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. அதை எண்ணிப் பார்க்கச் சொல்வதே அந்த நேரத்தில் அநாகரிகமாகத் தோன்றும். எனவேதான், எவரும் காலமாகாத சாதாரண நாளில் இதற்கான விதி வகுக்கப்பட வேண்டியிருந்தது.

ஆயினும், கைவிடப்பட்ட மாற்றுப் பயன் யாது என்று பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. நினைவிடங்கள் அமையாத அண்டைக் கரை நிலங்கள் பசுமையாகவே இருந்துவிடவில்லை. தெற்கே இந்திரப்பிரஸ்தப் பகுதியில் அனல் மின் நிலையம் எழுந்தது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக உள்ளரங்கம் கட்டப்பட்டது. பின்னர் தில்லித் தலைமைச் செயலகம் வந்தது. ராஜ்காட்டின் பெயரையே தாங்கிய மின் நிலையமும் 2015-ஆம் ஆண்டில் மூடப்படும்வரை அதன் அருகில் நிலக்கரி எரித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளுக்கான வீரர்கள் குடியிருப்பு எழுந்தது. நினைவுப் பூங்காக்கள் இல்லாதிருந்தால் அந்த 245 ஏக்கரும் இவ்வரிசையில் சேர்ந்திருக்கும் என்று கருதுவதற்கே அதிக இடம் உண்டு. தலைவர்களின் பெயருக்கு இருந்த மதிப்பு, நகரத் திட்டத்தின் விதிகளாலும் காக்க முடியாததைக் காத்தது.

ஆகவே நிலத்தைப் பூங்காவாக வைத்ததில் குறை காண்பதற்கில்லை. அதைத் தனித்தனிப் பெயரில் கூறு போட்டதும், ஒவ்வொருவருக்கும் ஒரு புதிய கூறு என்னும் எதிர்பார்ப்பை வளர்த்ததுமே குறை. அரசு இல்லங்களை நினைவு இல்லங்களாக மாற்றுவதில்லை என்று மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே முடிவு செய்திருந்தது. 2013 மே மாதத்தில் அமைச்சரவை, குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர் ஆகிய பதவிகளை வகித்தோரின் இறுதிச் சடங்கிற்கும் நினைவிற்கும் பொதுவாக, ஏக்தா ஸ்தலை ஒட்டி ராஷ்ட்ரீய ஸ்மிருதி ஸ்தல் என்னும் இடத்தை அமைக்க ஒப்புதல் அளித்தது. இடப் பற்றாக்குறையே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

இதன் பயனை 2018-ஆம் ஆண்டில் காண முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் காலமான அடல் பிஹாரி வாஜ்பாயின் தகனம் அங்கு நடைபெற்றது. டிசம்பர் 25-ஆம் நாள் திறக்கப்பட்ட அவரது நினைவிடமான 'சதைவ் அடல்' 1.5 ஏக்கரில் அடங்கிவிட்டது. மத்தியப் பொதுப்பணித் துறை அதை அமைத்தது. சுமார் 10.5 கோடி ரூபாய்ச் செலவை ஒரு சங்கம் ஏற்றுக்கொண்டது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முன்னாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியின் நினைவிடத்திற்கும் அதே பொது வளாகத்திலேயே இடம் ஒதுக்க அரசு ஒப்புதல் அளித்தது. 40 ஏக்கரிலிருந்து 1.5 ஏக்கருக்கு வந்ததனால் மரியாதை குறைந்துவிட்டதாக எவரும் கருதவில்லை.

நதி திரும்பி வந்த ஆண்டு

நிலம் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விக்கு 2023-ஆம் ஆண்டு ஜூலையில் யமுனையே விடையளித்தது. ஜூலை 13-ஆம் நாள் பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. அபாய அளவு 205.33 மீட்டர். அதற்கு முன் பதிவான உச்சம் 1978-ஆம் ஆண்டின் 207.49 மீட்டர். சுற்றுச் சாலை மூழ்கியது. செங்கோட்டையின் பின்புறச் சுவர்வரை வெள்ளம் வந்தது. ஷாஜஹான் காலத்து நதிப் பாதையை ஒரு சில நாட்கள் மக்கள் கண்ணால் காண முடிந்தது. ராஜ்காட் வளாகமும் நீரில் நின்றது.

வெள்ளத்தைத் தாங்கும் ஆற்றலில் நில உபயோகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. மின் நிலையமோ குடியிருப்போ அலுவலகமோ நீரில் மூழ்கினால் இழப்பு பல கோடிகளில் கணக்கிடப்படும். சேதத்தைச் சரிசெய்யப் பல மாதங்களும் பிடிக்கும். புல்வெளி மூழ்கினால் நீர் வடிந்த பின் சேற்றை அகற்றி, அழுகிய புல்லை மாற்றி நட வேண்டும். வேரூன்றிய மரங்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. ராஜ்காட்டிலும் அதுவே நிகழ்ந்தது. நீரை இறைத்து, சேற்றை அள்ளி, தோட்டத்தை மீட்டெடுத்தனர். 2023 செப்டம்பர் 10-ஆம் நாள், அதாவது வெள்ளம் உச்சத்தை எட்டி இரண்டு மாதங்களுக்குள், ஜி-20 மாநாட்டிற்கு வந்திருந்த தலைவர்கள் அங்கு ஒன்றாக நின்று அஞ்சலி செலுத்தினர்.

வெள்ளச் சமவெளியில் கட்டுமானத்தைத் தடை செய்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் தீர்ப்பளித்திருந்தது. அதற்குப் பின் தில்லி வளர்ச்சி ஆணையமும் நதிக்கரையைச் சீரமைத்து 'அசிதா', 'பான்சேரா' முதலிய திறந்த வெளிகளை உருவாக்கியுள்ளது. வெள்ளம் வந்தால் இடம் கொடுத்து, போன பின் மீண்டும் மக்களுக்குப் பயன்படும் நிலம் என்னும் கருத்து அவற்றின் அடிப்படை. தாழ்வான மேடை, புல் போர்த்திய மண், மரங்கள் ஆகியவற்றால் ஆன பழைய நினைவிடங்கள், இந்தச் சொற்கள் வழக்கிற்கு வருமுன்பே அதைச் செய்துவந்தன. உயரமான கல்லும் பரந்த தளவரிசையும் இந்த வகையில் அவற்றுக்கு ஈடாகா. கல் பாவிய தரை நீரை உறிஞ்சுவதில்லை என்பது ஒருபுறம் இருக்க, அதைச் சுத்தம் செய்யும் செலவும் ஆண்டுதோறும் ஏறுகிறது.

யாருடைய பூங்கா?

பூங்கா என்பது பொதுப் பண்டம் எனின், அதன் பயன் மக்களை எட்ட வேண்டும். சாலைக்கு மறுபுறம் உள்ள தரியாகஞ்சும் அதற்கு அப்பால் பழைய தில்லியின் தெருக்களும் நாட்டிலேயே மிகுந்த நெரிசல் உடைய குடியிருப்புகளில் அடங்கும். வீட்டு முற்றம்கூட இல்லாத பல்லாயிரம் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. 245 ஏக்கர் பசுமை அவர்களுக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கிறது. ஆனால் இடையில் சுற்றுச் சாலை குறுக்கிடுகிறது. 1948-இல் ஊர்வலம் வந்த திசையிலிருந்து இன்று ஒரு முதியவரோ குழந்தையுடன் ஒரு தாயோ நடந்து வருவது எளிதன்று. பேருந்துகளில் வரும் சுற்றுலாப் பயணிகளும் பள்ளிச் சிறுவர்களும் ராஜ்காட்டைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். சாந்திவனத்தின் நிழலுக்கும் விஜய்காட்டின் புல்வெளிக்கும் செல்வோர் அவர்களில் மிகச் சிலரே.

ஒவ்வொரு நினைவிடமும் தனி வேலி, தனி வாயில், தனி வாகன நிறுத்துமிடம் என அமைந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்ல விரும்புவோர் சாலைக்குத் திரும்பி வந்து மீண்டும் நுழைய வேண்டியிருக்கிறது. வேலிகளின் ஊடே நதிப்பக்கமாகத் தொடர்ச்சியான நடைபாதை ஒன்றும், தரியாகஞ்சிலிருந்து சாலையைக் கடக்கப் பாதுகாப்பான வழிகள் ஓரிரண்டும் அமைப்பதற்குப் புதிய நிலம் ஏதும் தேவையில்லை. பாதுகாப்பு ஏற்பாடுகளை முன்னிட்டு முக்கிய விருந்தினர் வரும் நேரங்களில் பாதையை மூடவும் முடியும். பராமரிப்புப் பொறுப்பில் பெரும் பகுதி மத்தியப் பொதுப்பணித் துறையின் தோட்டக்கலைப் பிரிவிடம் இருப்பதனால் நிர்வாக இடையூறும் அதிகம் இராது. அத்தகைய பாதை அமைந்தால், வடகோடியில் விஜய்காட்டில் நுழையும் ஒருவர் சாந்திவனத்தின் மரங்களின் கீழே நடந்து, சக்தி ஸ்தலின் பாறைகளைக் கடந்து, சாலையில் கால் வைக்காமலே ராஜ்காட்டின் மண் கரையை அடையலாம்.